தாத்தாவுக்குத் தலை பொருந்தின சேதி

அன்புள்ள தவி அக்காவுக்கு, வுத்தி வணக்கத்தோட எழுதுறது.

இன்னைக்குக் காலைல பத்து மணி பதினேழு நிமிஷத்துக்குச் சேதி வந்துச்சு. ஊரே காவல் தெய்வமாக் கும்பிடுற தாத்தா சிலைக்குத் தலை பொருந்திடுச்சு. என்கூட வேலை பார்க்கிற போரன்தான் ஊர்க்கோயில்லேர்ந்து கூப்பிட்டான். "மச்சான், தாத்தா தலையை வாங்கிக்கிட்டாரு. கழுத்து இடுக்குல ஒரு தாளு கூட நுழையாதுடா"ன்னான். நான் "சரி"ன்னேன். "இங்க ஊரே ஆடிக்கிட்டிருக்கு, நீ என்னடா மீன் விலை கேட்ட மாதிரி சரிங்கிற"ன்னு திட்டினான். உங்க தங்கச்சி ரச்சனா தவறிப் போனதுலேர்ந்து எனக்கு எல்லாத்துக்கும் அதுதான் வாயில வருது, அக்கா.

உங்கம்மா ஃபோன்ல உங்ககிட்ட முழுசா சொல்லியிருக்க மாட்டாங்க. சிலைக்கு ஊர்க்காரங்க வச்சிருந்த சிமெண்டுத் தலையை, சிலையைச் சரிபண்ணப் போன ரச்சனா எடுத்தது வேற வழியில்லாமத்தான். உள்ள இருந்த கம்பி துரு ஏறி ஊதி, கல்லுக் கழுத்தையே பிளக்க ஆரம்பிச்சிருந்துச்சு. எடுக்கலைன்னா அடுத்த மழைக்குத் தோள் வரைக்கும் போயிருக்கும். ஊரு பார்த்தது வேற. தாத்தா தலையை அவ எடுத்தா, அதே மாசம் அவ தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு உசிரு போச்சு. கோயிலைப் பார்த்துக்கிற யீன் மாமா காபிக்கடையில "தலைக்குத் தலை வாங்கிட்டாரு"ன்னு சொன்னது அம்மா காதுக்கு வந்துடுச்சு. அது பிறவிலேயே இருந்த கோளாறுன்னு டாக்டர் சொன்னதை அம்மாவுக்குப் படம் வரைஞ்சே காட்டினேன். "அப்ப இத்தனை வருஷம் ஏன் வெடிக்கல?"ன்னு கேட்டாங்க.

அதுலேர்ந்து அஸ்தியை விகாரைக்குக் கொண்டுபோக விடல. தாத்தா கோபமா இருக்கிறப்ப பிக்குங்க ஓதுறது அவளுக்குப் போய்ச் சேராதாம். பச்சும்பென் பண்டிகை வருது, எல்லார் வீட்டுச் செத்தவங்களும் சோத்து உருண்டைக்கு விகாரைக்குள்ள வருவாங்க, என் பொண்ணு மட்டும் வெளியவே நிப்பான்னு அழுவாங்க. கலசம் என் மேசையில, கம்ப்யூட்டர் பக்கத்துலயே இருந்துச்சு.

அது ஹரிஹரன் சிலைன்னு ரச்சனா சாதிச்சா. வலது தொடையில புலித்தோல், இடது பக்கம் மடிப்பு வேட்டி, அதாவது பாதி சிவன் பாதி விஷ்ணு. திருடு போயி வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வந்த தலைங்க புனோம்பென் கிடங்குல கிடக்குதுல்ல, அதுல ஒண்ணுக்கு வலப்பக்கம் சடை, இடப்பக்கம் கிரீடம், நெத்தியில பாதிக் கண்ணு. படத்தைப் பார்த்ததுமே "இது நம்மாளு"ன்னா. யாரும் காது குடுக்கல. அவ போனப்புறம் எனக்கு வேற வேலை ஓடல. கழுத்தையும் தலையையும் ஸ்கேன் பண்ணி, திரையில சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அங்க பொருந்துச்சு. அதைக் காட்டித்தான் கிடங்குலேர்ந்து தலையை ஊருக்கு அனுப்ப வச்சோம். ஆனா கல்லு ஒத்துக்கணும்ல. ஒத்துக்கலைன்னா, இருந்த தலையையும் பிடுங்கிட்டுப் போனவள்னுதான் அந்த ஊர்ல அவ பேரு நின்னிருக்கும்.

சேதி வந்ததும் அம்மாவை பைக்ல கூட்டிட்டுப் போனேன். வழி முழுக்க என் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. யீன் மாமா எதிர்ல வந்து கும்பிட்டாரு. "தங்கச்சி, உம் பொண்ணு தாத்தா தலையை எடுக்கல. கொத்தனார் மண்டையை எடுத்துட்டு அவரோட சொந்தத் தலைக்கு இடம் பண்ணிக் குடுத்திருக்கா. என் வாய்தான் அழுகணும்"னாரு. அம்மா விடல. காபிக்கடையில சொன்னதைக் காபிக்கடையிலயே வந்து திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. போயி, எல்லார் முன்னாடியும் சொன்னாரு.

அந்தச் சிமெண்டுத் தலையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல. கொத்தனார் தன் சாயல்லயே மீசை வச்சுப் பண்ணினது, இருந்தாலும் இத்தனை வருஷம் ஊதுபத்தி வாங்கினதாச்சே. தாத்தா காலடியில ஒரு செங்கல் மேல வச்சு, அரிசிச் சாராயம் ஊத்தி, துணைக்கு இருக்கச் சொல்லிட்டாங்க. "இவருதான் லாட்டரி நம்பர் சொன்னவரு, புதுசா வந்தவருக்கு நம்ம ஊரு பாஷையே மறந்திருக்கும்"னு ஒரு பொம்பளை சொன்னா. அம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, அக்கா.

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்துக்கு முன்னாடி உக்காந்திருந்தப்ப, முதுகுலேர்ந்து யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருந்துச்சு. உடனே ரச்சனாகிட்டச் சொல்லணும்னு ஃபோனை எடுத்தேன். அவ நம்பரை அழுத்திட்டேன். அப்புறம்தான் உறைச்சுது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கலசத்தைத் துடைச்சு மல்லிப்பூ வச்சாங்க. நான் கேட்காமலே சோறு போட்டுச் சாப்பிட்டாங்க. நாளைக்குக் காலைல விகாரைக்கு எடுத்துட்டுப் போறோம்.

பக்கத்து வீட்டுப் பொண்ணு இன்னைக்கு நீங்க இருக்கிற கொரியாவுக்குக் கிளம்புறா, இதை அவகிட்டத்தான் குடுத்தனுப்புறேன். கைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிடுங்க. ஒண்ணும் தெரியாத மாதிரியே கேட்டுக்குங்க, அவங்க வாயால சொல்லட்டும். பச்சும்பென்னுக்கு ஃபேக்டரியில லீவு குடுக்கலைன்னா, அங்கயே ஒரு உருண்டை வச்சு அவ பேரைச் சத்தமாச் சொல்லுங்க. என்னைக் கூப்பிட்டுக் கிடைக்கலைன்னு பதறாதீங்க. அவ போனதுலேர்ந்து ஒழுங்காத் தூங்கல, விகாரைக்குப் போயிட்டு வந்து நல்லாத் தூங்கப் போறேன். ஃபோனை அணைச்சு வச்சிருப்பேன்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்,
வுத்தி