புகைநாகங்களின் வழக்கம்

நேற்று உலு திராமில் ஓர் இரப்பர்த் தோட்டத்துக் கூட்டத்தில் தொழிலாளி ஒருவர் எனக்குத் துண்டு போர்த்தினார். புகைக்கூடத்தில் வேலை செய்பவர் போலும். துண்டெங்கும் இரப்பர்ப் புகையின் மணம். மேடையில் தடுமாறி அறியாத நான் நேற்றுத் தடுமாறினேன். பதினோராண்டுக்கு முன் மறைந்த நீ பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது, நண்பா.

பொந்தியான் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் புகைக்கூடத்தில் ஒரே அடுப்புக்கு விறகு தள்ளியவர்கள். மேலே அந்தப் புகையில் இரப்பர்த் தகடுகள் காய்ந்துகொண்டிருக்கும். தகடு பிரிக்கும் பெண்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்காக நீ புகைநாகத்தைப் படைத்தாய். கூரை விட்டத்தில் கூட்டமாய் வாழுமாம், சிறகுண்டாம், வயிற்றில் தீயுண்டாம், ஆயினும் பெருங்கூச்சம் உடையதாம்.

"சத்தம் போட்டுத் திட்டினா அதுக்கு வயித்துத் தீ அணைஞ்சு போயிரும்லா. அப்புறம் மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா வந்து மூச்சு ஊதும். ஏன்னு ஒண்ணும் கேக்காதுங்க."

"கடிக்காதாண்ணே?" என்பாள் ஒருத்தி.

"கடிக்கும். ஆனா கடிச்சது, பொழுது சாயறதுக்குள்ள போயி, கடிபட்டது பக்கத்துல படுத்துக்கணும். அதான் அதுங்க வழக்கம். ஒம் மாமியாகிட்டயும் சொல்லி வையி."

சிரிப்பில் இருமல் மறந்துபோகும். காலையில் முடியைப் பிடித்துச் சண்டையிட்ட இருவர், மாலையில் ஒரே குவளையில் தேநீர் குடித்ததை நான் கண்டேன். கண்டும் எனக்கு அறிவு வரவில்லை.

அப்போதுதான் நான் மேடையில் பேர் வாங்கத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிறன்று அறியாமையை வேரறுப்போம் என்று முழங்கினேன், கூட்டம் அசையவில்லை. எனக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. முன்வரிசையில் மனைவியோடு அமர்ந்திருந்த உன்னைச் சுட்டினேன்.

"இதோ, கூரையில் பாம்பு வளர்க்கும் பெருமகனார்! அறிவை அடகு வைத்த நம் இனத்துக்கு இவரே சான்று!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நீ எழுந்தாய்.

"நாகம் பொய்யினு இங்க எல்லாருக்கும் தெரியும் மச்சான். ஒனக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

அவ்வளவே. மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் முதல் தோட்டமே உன்னைப் பாம்பாட்டி என்றது. நீ கதையை விட்டாய். பெண்கள் இருமினார்கள், நீ விறகு தள்ளினாய். நான்கடித் தொலைவில் நான். ஊரெங்கும் வற்றாத என் நாவில் உனக்கான ஒரு சொல் ஊறவில்லை. ஒரு மாதத்தில் வேறு தோட்டம் போனாய். பிறகு, நீ காய்ச்சலில் இறந்த செய்திதான் வந்தது.

நேற்று அந்த மணத்தில் பேச்சு அறுந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக உன் நாகத்தையே எடுத்து முழங்கினேன். தீ அணைந்ததற்கு மற்றவை மூச்சு ஊதுவதை, கடித்தது பக்கத்தில் போய்ப் படுப்பதை, எல்லாவற்றையும். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

கீழே இறங்குகையில், அந்நாளில் நம்மோடு தகடு பிரித்த பெண்ணொருத்தி வழிமறித்தாள், தலை நரைத்திருந்தது.

"இது நம்ம பொகக்கூடத்து அண்ணன் சொன்னதுல்ல? அவரு பேரச் சொல்லலியே ஐயா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"அப்படியா அம்மா?" என்றேன்.

துண்டு என் நாற்காலியில் கிடக்கிறது, துவைக்கக் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் உன் பெயரைச் சொல்வேன் என்று இங்கே எழுத நினைத்தேன். என் வாக்கை நானே நம்பாத நிலையில் அதை எழுதவில்லை. அவள் கேட்டபோது உன் பெயர் என் நாவின் நுனிவரை வந்தது. இன்னும் அங்கேயே இருக்கிறது.