அலுமாரியின் மேல் மஞ்சள் ஊசிகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பெண் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, பஞ்சில் நனைத்து, நகத்துச் சிவப்பைத் துடைக்கத் தொடங்கினார். "செத்தவீட்டுக்குப் போறன் தங்கச்சி. உந்தச் சிவப்போடை போனாச் சனம் கதைக்கும்" என்று சிரித்தார். மணம் மூக்கில் ஏறியதும் நான் என் பையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். ஆய்வுகூடத்தில் நீரும் நானும் பளிங்கு வளர்க்கப் பாவித்த திரவத்தின் மணம் அது.

இன்றைக்கு உம்முடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. பூசைக்கு வருகிறேன், உம்முடைய வீட்டுக்கு வரமாட்டேன். ஏன் என்று உம்மிடம் சொல்லத்தான் இந்தக் கொப்பியை விரித்தேன். காரணம் தெரிந்தால் முதலில் சிரிப்பது நீராகத்தான் இருப்பீர்.

ஆய்வுகூடத்தில் என் மேசைக்கு எதிர்மேசை உம்முடையது. நீர் நெடுந்தீவு, நான் மண்கும்பான். நடுவில் கடல் கிடந்ததாலோ என்னவோ, அவ்வளவு நெருங்கியும் கடைசிவரை "நீர்" என்பதை விட்டு நாங்கள் இறங்கவில்லை. நான் போத்தல்களுக்கு எண் போடுவேன். நீர் தீவுகளின் பெயரை எழுதுவீர். "எண் போட்டா ஆர் ஆரெண்டு ஞாபகம் இராது" என்பீர். அதற்காக உம்மை எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்! ஆய்வை மேற்பார்த்த எங்கள் சேர் இருவருக்கும் தந்தது ஒரே வேலை. உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு மஞ்சள் இரசாயனச் சேர்வையைச் செய்து, அதைப் பளிங்குப் படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிரில் வைத்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். சேர்வையை நீர் மூன்று மாதத்தில் செய்துவிட்டீர். பளிங்குதான் வரமாட்டேன் என்று நின்றது. ஒன்றரை வருடமாகப் போத்தலின் அடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து கிடந்தது.

கொரோனாவுக்குக் கம்பஸைப் பூட்டியபோது நீர் மூன்று போத்தல் கரைசலைப் பிஸ்கட் தகரத்தில் அடுக்கி ஊருக்குக் கொண்டுபோனீர். வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் நாலு ஓட்டை குத்தி, அறை அலுமாரிக்கு மேல் வைத்தீராம். நாற்பது நாளில் இரண்டு போத்தலில் வந்துவிட்டது. "ஊசி ஊசியா நிக்குது, வெயிலுக்குப் பிடிச்சா மற்றப் பக்கம் தெரியுது" என்று தொலைபேசியில் கத்தினீர். கம்பஸ் திறந்ததும் "ஊர்காவற்றுறை" என்று எழுதிய போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தீர். ஊசிகள் வந்திருந்த மற்றப் போத்தல், "நெடுந்தீவு", மூடி இறுக்கியபடி அலுமாரிக்கு மேலேயே நின்றது. மூன்றாவது, "கச்சதீவு", கடைசிவரை வெறும் கரைசலாக இருந்ததால் அதையும் இறுக மூடி மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டீர்.

கொழும்பில் இருந்த இயந்திரத்துக்கு ஒரு ஊசியை நீரே கொண்டுபோனீர். பளிங்கு என்பது ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே போனது மாதிரித்தானே. அந்தப் பெட்டியின் மூன்று நீளங்களும் மூன்று கோணங்களும் முதலில் வரும், உள்ளே இருப்பது பிறகுதான் தெரியும். ஆறு எண்களும் வந்தன. உள்ளே பார்க்குமுன் ஊசி குறுக்கே வெடித்துத் தூளாகிவிட்டது.

நீர் கொழும்பில் நின்ற அதே நாள் காலையில், அதே சேர்வையைக் கரைத்து வைத்திருந்த என் போத்தலில் வேறொன்று வந்திருந்தது. கற்கண்டுக் கட்டி மாதிரி, தடித்த மஞ்சளில், சதுரம் சதுரமாக. அதன் ஆறு எண்களும் வேறு. ஒரு கிழமையில் அதன் அமைப்பு முழுவதும் தெரிந்துவிட்டது. சேர் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. "ஊர்காவற்றுறை"யில் மிச்சமிருந்த ஊசிகள் ஒரு காலையில் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கின. மத்தியானத்துக்குள் பால் நிறம். அடுத்தநாள் அதே இடத்தில் கற்கண்டு. புதிதாகக் கரைத்து வைத்தாலும் கற்கண்டு. மேல்மாடியில், பூட்டிய அறையில் வைத்தாலும் கற்கண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்குப் போதும், அது விதையாக விழுந்து மற்றதையெல்லாம் தன்னைப்போல ஆக்கிவிடும் என்று நாங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் அது எங்கள் உடுப்பிலும் தலைமயிரிலும் நகக்கண்ணிலும் ஏறிக்கொண்டு எங்களோடு அறை அறையாக நடந்து வரும் என்று படிக்கும்போது தோன்றவில்லை. நீர் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அது எங்களைப் பழகிட்டுது. இனி ஊசியா வராது" என்றீர். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் ஏன் குரலைத் தாழ்த்தினீர் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில் சேர் உம்மிடம் கேட்டார்: "வெடிச்சுப்போன ஊசியின்ரை எண்களை நம்பேலாது. ஊசியும் கற்கண்டும் உள்ளுக்கை ஒண்டாத்தான் இருக்கும். நீர் வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் சேர், பாத்தனான்" என்றீர். பிறகு என்னைப் பார்த்தீர்.

ஊசிகள் வெளுத்ததை உம்மோடு நின்று பார்த்தவள் நான். இரண்டும் உள்ளே ஒன்றானால் அவை வெளுக்கத் தேவையே இல்லை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக வரப்போகிறது என்ற ஆசையில், குனிந்து பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்ட வேலை. உமக்கு முன்னால் சொல்லாததை இந்தக் கொப்பியில் சொல்கிறேன்.

"வீட்டை ஒண்டு இருக்கு, அலுமாரிக்கு மேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குப் போனீர். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் எடுத்துப் பேசினீர். "எடுக்கப் பயமாக் கிடக்கு. என்ரை கையிலையும் அது இருக்கும்." அதுதான் உம்முடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது. அடுத்த கிழமை காய்ச்சல். ஐந்தாம் நாள் நீர் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு நெடுந்தீவுக்கு வந்தேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உம்முடைய அம்மாவிடம் அந்தப் போத்தலைக் கேட்டேன். ஒரு ஊசி கிடைத்தால் போதும், நீர் பொய் சொல்லவில்லை என்று காட்டிவிடலாம். அம்மா வாசலிலேயே மறித்தார்.

"லாப்பிலை இருந்து ஆர் வந்தாலும் குளிச்சு மாத்திப்போட்டுத்தான் அலுமாரியடிக்குப் போகவேணும் எண்டு என்ரை மகள் சொன்னவ. செத்தவீட்டாலை வந்தமாதிரி நினைக்கச் சொன்னவ."

உம்முடைய கிணற்றில் தலையோடு குளித்தேன். நகத்தை ஈர்க்கால் கிண்டினேன். மாற்றுடுப்புக் கொண்டுவரவில்லை. அம்மா அலுமாரியைத் திறந்து உம்முடைய நீலச் சட்டையை எடுத்துத் தந்தார். செத்தவரின் உடுப்பு என்ற நினைப்பு மனம் முழுக்க நின்றது, வேறு எதையும் யோசிக்க அது விடவில்லை. போட்டுக்கொண்டேன். உம்முடைய தோளும் என்னுடையதும் ஒரே அளவு.

கதிரையில் ஏறிப் போத்தலை இறக்கி யன்னலுக்குப் பிடித்தேன். கொஞ்ச மஞ்சள் திரவத்தில் முப்பது ஊசி கிடந்திருக்கும். ஒன்றிலாவது ஒரு மங்கல் இல்லை. அழுகை வந்துவிட்டது. மூடியைத் திறந்து, புது ஈர்க்கு ஒன்றைக் கழுவித் துடைத்து, ஒரு ஊசியைத் தூக்கக் குனிந்தேன். சட்டையின் கை போத்தல் வாயில் உரசியது.

நடுவில் இருந்த ஊசி வெளுத்தது. பிறகு அதைத் தொட்டுக்கொண்டு கிடந்த மற்றது. பிறகு அடுத்தது. ஒன்று ஒன்றாக, அவசரமில்லாமல், யாரோ எண்ணிக்கொண்டு போவதுபோல. அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பால் மாதிரி வருது?"

சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது எப்பத்தைச் சட்டை?" என்று மட்டும் கேட்டேன்.

"கம்பஸாலை கடைசியா வந்தண்டு போட்டிருந்தது. நான் தோய்க்கேல்லை. தோய்ச்சா அவவின்ரை மணம் போயிடும்."

உள்ளதை உள்ளபடி சொன்னேன். சட்டையில் கற்கண்டின் துணுக்கு இருந்திருக்கிறது, நீரே கொண்டுவந்தது, என் கையால் அல்ல, உம்முடைய சட்டைக் கையால் விழுந்திருக்கிறது என்று. அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்து, நான் போட்டிருந்த சட்டையின் கையை முகத்தோடு வைத்து முகர்ந்தார்.

"அப்ப அவதான் வந்து தொட்டிட்டா" என்றார். நீர் போன பிறகு அவர் முகத்தில் நான் கண்ட முதல் நிம்மதி அதுதான். நான் அந்தச் சட்டைக்குள் அசையாமல் நின்றேன்.

அடுத்த திங்கள் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். சேர் கெட்டவர் இல்லை, உமக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "நீர் வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் சேர், பாத்தனான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. கையில் ஒன்றும் இல்லாமல் அந்த மேசைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீர் நின்றபோது பக்கத்தில் நான் இருந்தேன். என் பக்கத்தில் ஒரு வெறும் கதிரை இருந்தது.

"கச்சதீவு" என்று எழுதிய மூன்றாவது போத்தல் மிச்சம் இருந்தது. ஆனால் அதைத் திறக்க ஒரு சுத்தமான இடம் இல்லை. உம்முடைய வீடு முழுக்கச் சட்டை நடமாடிவிட்டது. இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த ஞாயிறு என்னை இறங்குதுறைக்கு வரச்சொல்லி, படகில் வந்த ஒருவரிடம் ஒரு பொலித்தீன் பையைக் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே நீலச் சட்டை. மடித்து, வாயைக் கட்டி. தொலைபேசியில் எடுத்துக் கேட்டபோது, "உது இனி இஞ்சை இருக்கக்கூடாது பிள்ளை. உம்மிட்டை இருக்கட்டும். உம்மிலை அது ஏற்கெனவே பட்டதுதானே" என்றார். தோய்க்க மனமில்லாமல் வைத்திருந்த மணத்தை அவர் கையாலேயே வீட்டைவிட்டு அனுப்பினார்.

பிறகு செய்தது முழுவதும் அம்மாதான். பக்கத்து வளவுக்காரர் கனடாவுக்குப் போய் எத்தனையோ வருடம், வீட்டைப் பூட்டிய திறப்பு அம்மாவிடம்தான். "அந்த வீட்டுக்கை ஆரும் நிண்டதில்லை. போத்தலுக்கும் குளிக்க வாத்தனான். நானும் குளிச்சுப்போட்டுப் புதுச்சீலை கட்டிக்கொண்டு போய் வைச்சனான். கதவைப் பூட்டிட்டன், யன்னலாலைதான் பாக்கிறன்" என்றார். தாளில் எத்தனை ஓட்டை குத்துவது என்று என்னிடம் கேட்கவில்லை. நீர் குத்தியதை அவர் பார்த்திருக்கிறார்.

மாரி தொடங்கியபோது அழைப்பு வந்தது. "ஊசி ஊசியா நிக்குது பிள்ளை. வீட்டுக்கை ஒரு சத்தம் இல்லை. ஆனா ஆரோ இருக்கிறமாதிரிக் கிடக்கு."

கொழும்பிலிருந்து மயிரளவு கண்ணாடிக் குழாய்கள் நேரே நெடுந்தீவுக்குப் போயின. நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அம்மா ஒரு ஊசியை ஈர்க்கால் எடுத்து, குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் மெழுகுதிரியால் அடைத்தார். மூன்று தரம் உடைந்தது. நாலாவது நேரே கொழும்புக்குப் போனது. என் கைக்கு அது வரவே இல்லை.

ஆறு எண்களும் உம்முடைய கொப்பியில் இருந்தவைதான். திரையில் அமைப்பு விரிந்தபோது சேர் எழுந்து நின்றார். என்னுடைய கற்கண்டில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக முகம் ஒட்டி நெருக்கமாகக் கிடக்கும். உம்முடைய ஊசியில் ஒவ்வொன்றும் தனித்தனியே வரிசையில் நிற்கிறது. வரிசைகளுக்கு நடுவில் ஒரு நீண்ட வெறும் இடம், உம்முடைய ஊரின் இரண்டு மதிலுக்கு நடுவில் போகும் ஒழுங்கை மாதிரி. அதற்குள் என்ன இருக்கிறது என்று கணினியிடம் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒன்றும் இல்லை என்கிறது. கட்டுரையில் முதல் பெயர் உம்முடையது. ஆள் இல்லை என்று காட்ட, பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி போடுவார்களாம். அம்மாவிடம் கேட்டேன். "போடட்டும்" என்றார்.

மிச்ச ஊசிகள் அந்தப் பூட்டிய வீட்டில் இன்னும் நிற்கின்றன. அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் யன்னலடிக்குப் போகிறார். நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்: "பூசைக்கு வாரும் பிள்ளை. கோயிலோடை நில்லும், வீட்டுப் பக்கம் வராதேயும். என்னைக் கட்டிப்பிடிக்கவும் வராதேயும். நான் பிறகு அங்கை போகவேணும். குறை நினையாதேயும்." குறை நினைக்க என்ன இருக்கிறது? கற்கண்டை வரவழைத்தவள் நான். எத்தனை கிணற்றில் குளித்தாலும் அது என் நகக்கண்ணில் இருக்கிறது. சேர் அதை வெறும் இரசாயனப் பொருள் என்கிறார். நான் அன்றைக்கு வாயை மூடியதற்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

படகு வந்துவிட்டது. பக்கத்துப் பெண் வெறும் நகத்தோடு எழுந்து போகிறார். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தின் ஒரு பக்கத்தில் அம்மா நிற்பார், மறு பக்கத்தில் நான் நிற்பேன். அவர் தேடும் மணம் என் பையில் இருக்கும். உம்முடைய நீலச் சட்டை, வாய் கட்டிய பையில். நான் அதைத் தோய்க்கவில்லை.