சூடாக்கிப் பார்க்காத வால்வு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, பட்டறையில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை, மரக்கடைக்காரர் தலையில் பதினோரு தையல், அந்தத் தையலுக்குக் காரணம் நான். மற்றபடி சுகம்தான்.

பதறாமல் படி கண்ணு. மரக்கடைக்காரர் தன் கார் மேடு ஏற மறுக்கிறது என்று கொண்டுவந்து விட்டார். பானெட்டைத் திறக்கும் முன்பே உன் அப்பா, டர்போ செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டறையில் மின்சார வேலை என்னுடையது அல்லவா, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்த டர்போவை அடக்கி ஆளும் வால்வை முதலில் பார்த்துவிடலாம் என்றேன். சாக்கெட்டைக் கழற்றி வால்வின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன், இருபத்தெட்டு ஓம், சரியான அளவு. பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தேன், டக்கென்று தட்டியது. வால்வு நல்லது என்று சொல்லிவிட்டேன். எஞ்சின் ஆறிக் கிடந்ததை யோசிக்கவில்லை. அப்பா புது டர்போ மாட்டினார்.

மறுநாளே லாரியை முந்தும்போது கார் பாதியில் சோர்ந்துவிட்டது, எதிரே பஸ். மரக்கடைக்காரருக்குக் கீறல்கூட இல்லை, பக்கத்தில் இருந்த அவர் தம்பிக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. நசுங்கிய காரை இழுத்துவந்து நம் வாசலில் நிறுத்தி, வண்டிய சரி பண்ணச் சொன்னா எங்களுக்கு நாள் குறிச்சியாடா என்று ஜாக்கி கம்பியோடு உள்ளே வந்தார். முதலில் கண்ணாடிகள் எல்லாம் போயின, அடுத்த அடி அப்பாவுக்கு. கீழே விழுந்தவர்மேல் கம்பியை மறுபடி ஓங்கினார். என் கைக்குக் கிடைத்தது நாங்கள் கழற்றிப்போட்ட பழைய டர்போ. நல்ல கனம். ஒரே அடிதான், நம்பு. தரையைக் கழுவ மூன்று வாளித் தண்ணீர் ஆயிற்று.

எங்கள் வேலையில் குறையே இல்லை, குடித்துவிட்டு வந்து அடித்தான் என்று அப்பா புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மரக்கடைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் நின்ற காரிலிருந்து வால்வைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் எட்டு நிமிடம் சூடாக்கினேன். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, சூடானால் உள்ளே கம்பிச் சுருள் விட்டுப்போகிறது. ஆறியதும் மறுபடி இருபத்தெட்டு. டர்போவில் ஒரு குறையும் இருந்ததில்லை.

உன் அப்பா முறியாத கையால் சுத்தியலை எடுத்து நீட்டி, அதை நொறுக்கித் தூரப் போடுடி, எவன் கேக்கப் போறான் என்றார். நான் வால்வைச் சேலையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொன்னதைக் கேட்டு மரக்கடைக்காரர் தண்ணீர் ஜக்கை என்மேல் வீசினார். ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது, தலையில் அடிபட்டவருக்குக் குறி எப்படி வரும். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் வால்வைக் கொடுத்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்குப் பூட்டு வரலாம், என்னை உள்ளே வைக்கவும் செய்யலாம்.

நீ கிளம்பி வராதே, வேளைக்குச் சாப்பிடு. நீடூழி வாழ். ஒன்று மட்டும் மறவாதே. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாவே புத்தி சரியில்லைன்னு எழுதி அனுப்பு, அவ ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தது செல்லாமப் போயிடும் என்று அப்பா உனக்குப் போன் செய்வார். தோள் எப்படி இருக்கிறது என்று விசாரி. எழுதிக் கொடுக்காதே.

புத்தி தெளிவாகவே இருக்கும்,
உன் அம்மா