அத்தை கேட்ட இன்னொரு கரண்டி

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தேவிட்டது! போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிய உங்களை ஒளித்துவைத்த இத்தாலிக்காரி மாக்கரோனியும் பன்றிக்கறி சாசேஜும் சமைத்துப் போட்டாளாமே. உடனே ரயில்வே காலனிக்கு ஓடி, என் ஆங்கிலோ-இந்தியத் தோழி டெய்சியிடம் இரண்டையும் வாங்கிவந்தேன். மாக்கரோனியை வேகவைத்து, தக்காளி, பூண்டு, மிளகாயோடு சாசேஜை வதக்கிப் புரட்டினேன். தெருவே மணத்தது!

உங்கள் கடிதங்கள் நின்று, போரில் இறந்துவிட்டீர்கள் என்றே எல்லோரும் முடிவுகட்டியதிலிருந்து அத்தை கறியைத் தொட்டதில்லை. இன்று தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வையி தாயி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ அத்தை, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, இயேசு சாமி பாடுபட்ட நாள்! கறி திங்கக் கூடாதே!"

அத்தை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "எம் மகன் உயிர்த்தெழுந்திருக்கான். எனக்கு இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி!"

பச்சைச் சேலையை மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்ட,
உங்கள் மனைவி