செயலிக்கு உப்பளம் தெரியவில்லை

ஜூலை 7, திங்கள்
வானூரில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி. செயற்கை நுண்ணறிவை வகுப்பில் பயன்படுத்தத் தயாரா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'தயார்' என்று குறித்துவிட்டு வந்தேன். பொய். இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் நடத்துகிற இந்த ரோஸ்லின் எதற்குத் தயார்? புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒரு வாக்கியம் சொந்தமாகப் பேசியதில்லை. அடுத்த மாதம் அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்ப்பாராம்.

ஜூலை 9
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் இருக்கிற ஏஐ செயலியோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தேன். தப்பாகப் பேசினாலும் முகம் சுளிக்கவில்லை. முகம் இருந்தால்தானே! யாரோடு பேச்சு என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் சார்லஸ் கேட்டார். செபமாலை என்றேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஜூலை 22
எட்டாம் வகுப்பில் போனை மேசைமேல் வைத்தேன். முப்பத்தொரு பேரும் வாயே திறக்கவில்லை. செயலி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

ஜூலை 25, வெள்ளி
இதை எழுதியே ஆக வேண்டும். வகுப்பில் மறுபடியும் போனை வைத்தேன். உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று செயலி கேட்டது. உப்பளம் என்றேன். உடனே பெரிய பிரசங்கம் — நவம்பர், டிசம்பரில்தான் உப்பு நன்றாக விளையுமாம்! வகுப்பே சிரித்தது. அப்போது அடைமழை, உப்பளம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும்.

சனோபர் எழுந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவரின் மகள். பள்ளி திறந்ததிலிருந்து ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாதவள். நேராக மேசைக்கு வந்தாள்.

"நோ. ரெய்ன் கம், சால்ட் கோ. மை மதர் நோ ஒர்க்."

செயலி மன்னிப்புக் கேட்டது. மழைக்காலத்தில் அம்மா என்ன செய்வார் என்று கேட்டது. அதற்கும் பதில் சொன்னாள்! அப்புறம் ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள். மணி அடித்தும் யாரும் நகரவில்லை. "அதுக்கு ஒண்ணுமே தெரியல மிஸ், நாமதான் சொல்லித் தரணும்" என்றாள் சனோபர்.

ஜூலை 26
தூங்கி எழுந்ததும் சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 12
அதிகாரி திருமுருகன் சார் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். நெட் இல்லை. சுத்தமாக இல்லை. என்ன பண்றது?

இன்றைக்கு நான்தான் அந்தச் செயலி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நண்டு எந்த மரத்தில் காய்க்கும், வலையை வைத்து உப்பு பிடிப்பார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். விழுந்து விழுந்து திருத்தினார்கள். நாற்பது நிமிஷமும் ஆங்கிலம். நானும்தான்! பாதியில்தான் எனக்கே உறைத்தது.

மற்ற ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லித்தர வானூர் வரச் சொன்னார் சார். படிவத்தில் பொய் குறித்ததை ஒப்புக்கொண்டேன். "அதுல உண்மை எழுதினது யாரும்மா?" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி
வானூர். நாற்பது ஆசிரியர்கள். எல்லாம் முடிந்தபின் கிளியனூர் டீச்சர் கலைமதி ஓரமாக வந்து, "எனக்கே இங்கிலீஷ் பேச வராதுங்க" என்று மெல்லச் சொன்னார். எத்தனை வருஷமாக எனக்குள் வைத்திருந்த வார்த்தை! என் நம்பரைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் கலைமதியின் போன். கூடத்தில் நடந்துகொண்டே அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். தப்பு வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டு மேலே போனோம். சார்லஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டு போனா?"

"இல்லைங்க. கிளியனூரு."