திரையில் இல்லாத கிளாம்ப்

ஈரி, ஆகஸ்ட் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீங்களும் உங்கள் கப்பல் சமையலறையும் அதிகம் ஆட்டமில்லாமல் இருக்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் தேவலை, ஆனால் அவள் வேலை செய்யும் பள்ளிச் சமையற்கூடம் விடுமுறை என்று சும்மா உட்காராமல் தக்காளியை வேகவைத்து பாட்டில் பாட்டிலாக அடைக்கிறாள், உட்காரச் சொன்னால் "போ, உங்கப்பன்கிட்ட கோள் மூட்டு" என்கிறாள், அதனால் மூட்டிவிட்டேன். செப்டம்பருக்குள் பட்டறையில் எனக்கு நிலையான வேலை கிடைக்காவிட்டால் பள்ளிக்குத் திரும்பியாக வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் பட்டறையில் உலோகத்தைக் குடைந்து வெட்டும் மில்லிங் மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்த லெஸ்டர் வசந்தத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டர் மாடி அறையில் தூசி படிந்து கிடந்தது, அது என்னைவிட மூத்தது, அதிலுள்ள மென்பொருளும் அப்படித்தான். அதை நான் கற்றுக்கொள்ளட்டுமா என்று முதலாளி டொமினிக்கிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஒரு சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் சீட்டோடு வெட்டி வரும் உலோகத்தின் விளிம்புகளில் நான் பிசிறு எடுக்கும் மேசைக்கே வந்து, "பக்கத்து ரூமுக்குத் தபாலா? வாய் எதுக்கும்மா இருக்கு?" என்றார். பிறகு, வேலை முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துகொள் என்றார்.

அப்பா, அது எவ்வளவு வினோதமான விஷயம் தெரியுமா? முதலில் கோடுகளால் பொருளின் படத்தை வரைய வேண்டும், அப்புறம் எந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமாக, எவ்வளவு ஆழத்தில், சுழன்று வெட்டும் கட்டர் நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். வெட்டும் பாதை மஞ்சளாகவும், வெட்டாமல் சும்மா தாவும் பாதை நீலமாகவும் திரையில் வரும். ஒருநாள் வேண்டுமென்றே கட்டரை மெஷினின் மேசைக்குள்ளேயே இறங்கச் சொல்லிப் பார்த்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அழகாக மஞ்சள் கோடு போட்டுக் காட்டியது. அதற்கு இரும்பு என்றால் என்னவென்றே தெரியாது. உங்கள் கப்பல் வரைபடத்துக்காவது பாறை இருப்பது தெரியுமா, இல்லை அதற்கும் கோடு மட்டும்தானா? மாலுமிகளைக் கேட்டு எழுதுங்கள்.

லெஸ்டரின் பழைய ப்ரோகிராம்களைத் திறந்து திறந்து பார்த்துதான் பாதியைக் கற்றேன். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் ஒரே மாதிரி இருந்தது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது கட்டர் பொருளுக்கு மேலே ஒரு முழு அங்குலம் எழும்பியது. இவ்வளவு உயரம் எதற்கு, வீணாக நேரம் போகிறதே என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருக்கலாம், கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. என் ப்ரோகிராமில் அதைப் பத்தில் ஒரு பங்கு அங்குலமாகக் குறைத்தேன், நான்கு நிமிடம் மிச்சமானது, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ப்ரோகிராம் ஒரு பம்ப் மூடிக்கானது. வாடிக்கையாளர் கொடுத்தது ஒரே ஒரு அலுமினிய வார்ப்பு, மாற்று கிடையாது. இது நன்றாக வந்தால் மாடி நாற்காலி உனக்கு, கெட்டால் இந்த மாதிரி வேலையையே இனி வெளியே கொடுத்துவிடுவேன் என்று டொமினிக் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். முதல் ஓட்டத்தில் கட்டரை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்து வெறும் காற்றை வெட்டவிட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். ஒரு தடங்கலும் இல்லை. மெஷின் ஓட்டும் யோலாண்டா, "அடியே, காத்த என்னமா வெட்டுற! பொட்டலம் கட்டிக் குடு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். டொமினிக் கட்டரை நிஜமான உயரத்துக்கு இறக்கி, வேகத்தைக் கால்வாசியாக வைத்து ஓட்டினார். முதல் குழியை வெட்டிவிட்டுக் கட்டர் மேலே வந்தது. வந்ததா என்று கேட்கும்படி கொஞ்சூண்டுதான் வந்தது, வந்து பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. அது போகிற வழியில் மூடியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மூடிக்கு மேலே முக்கால் அங்குலம் நிமிர்ந்து நின்றது. காலையில் நான்தான் அதை முடுக்கினேன், ஆனால் திரையில் அது இல்லை, நான் வரையவே இல்லை. இரண்டு அங்குலம் தூக்கி ஓட்டியபோது அதற்கு மேலாகவே போய்விட்டதால் யாருக்கும் தெரியவில்லை. லெஸ்டரின் ஒரு அங்குலம் எதற்கென்று அந்த நொடியில் புரிந்தது. "நிறுத்துங்க" என்றேன், மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. டொமினிக்கின் கைக்கு அடியில் புகுந்து சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.

கட்டருக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையாது. டொமினிக் என்னையே பார்த்தார். எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டியதாயிற்று, உயரத்தைக் குறைத்தது நான்தான், லெஸ்டரின் அளவுதான் சரி என்று சொன்னேன். "நாலு நிமிஷத்துக்கு ஆசைப்பட்டு நாலு மாசம் அழுதிருப்போம்" என்றார், கோபமாகத்தான் சொன்னார். யோலாண்டா மட்டும், "இவளுக்குத் தொண்டை இருக்குடா சாமி!" என்றாள். மாடிக்குப் போய் அந்த உயரத்தை ஒரு அங்குலமாகத் திருத்தி வந்தேன். மறுபடி காற்றில், பிறகு நிஜத்தில். மூடி முழுசாக வந்தது. டொமினிக் மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு, போகிற போக்கில், "திங்கக்கிழம பிசிறு மேசைக்குப் புது ஆள் வருது. அதுக்கு எல்லாத்தையும் காட்டிட்டு நீ மேல போ" என்றார். ஆமாம் அப்பா, வேலை நிலையாகிவிட்டது. ஆனாலும் மாலை வகுப்பில் கணக்கு மட்டும் சேரலாமென்று இருக்கிறேன், சாய்வான முகம் வெட்டக் கோணக் கணக்கு தெரிய வேண்டியிருக்கிறது, நீங்கள் சரியென்றால்.

இன்னொன்று. ப்ரோகிராமில் அடைப்புக்குறிக்குள் எழுதுவதை மெஷின் படிக்காமல் தாண்டிவிடும், அது மனிதர்களுக்கு மட்டும். லெஸ்டர் எங்கேயும் எதுவும் எழுதியதில்லை. நான் அந்த அளவுக்குப் பக்கத்தில் "கிளாம்ப் நிற்கிறது, இதைக் குறைக்காதே, சந்தேகமிருந்தால் என்னிடம் வந்து கேள்" என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன்.

சுப்பீரியர் ஏரியில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்கும், மேல்தளத்துக்குப் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மார்லா ஹுடாக்