எஞ்சின் எங்களுக்கு, பாடி அவர்களுக்கு

ஜூன் 5, 1994, ஞாயிறு

கட்டில் வாசலுக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் லாரி எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. ஆள் சேர்த்து, சங்கிலி கட்டி, நிலைப்படியில் ஒரு சில்லைப் பெயர்த்து உள்ளே கொண்டு வந்தார்கள். ஒரு வருடமாகக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. இன்றைக்கு என்ன தோன்றியதோ, "ஊட்லயே வெச்சுப் பிரிச்சுச் செஞ்சுபோடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கொட்டகை ஒழுகுகிறதாம், திருடன் வருவானாம். இந்தக் கனத்தை எந்தத் திருடன் இடுப்பில் வைத்துக்கொண்டு போவான் என்று கேட்டேன்.

பகலெல்லாம் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன். சாயந்திரம் வீட்டில் எஞ்சினைச் சுற்றி நடக்கிறேன். நல்ல பிழைப்பு.

ஜூன் 7

பக்கத்து மேசை நஃபீசா கேட்டாள்: "எஞ்சின் மட்டும் எப்படிக்கா ஊட்ல? லாரி எங்க?" கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

போன வருடம் தாராபுரம் ரோட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டு வண்டி நின்றது. ஆயில் பார்க்காமல் விட்டது நீ என்றார் இவருடைய அண்ணன் அங்கப்பன் மாமா. நீங்கதான் என்றார் இவர். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பாகம் பிரிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வண்டியை விற்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. மூத்தவர் பங்கு பிரித்து வைக்க, இளையவர் முதலில் எடுப்பது முறை. மாமா வண்டியையே பிரித்துவிட்டார். எஞ்சின் ஒரு பங்கு, மீதியெல்லாம் சேர்ந்த பாடி ஒரு பங்கு. இவர் எஞ்சினை எடுத்தார்.

பிறகு ரேடியேட்டர் யாருக்கு என்று பெரிய சண்டை. தம்பியை வாடா போடா என்கிற மாமா அன்றைக்கு, "நீங்க சொல்றது நாயமில்லீங்க" என்றார். எனக்கு அதுதான் பகீரென்றது. கடைசியில் ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: "ஒயரு போற சாமானும், சேஸு சட்டத்துல முடுக்குன சாமானும் பாடிக்குங்க. மத்ததெல்லாம் எஞ்சினுக்குங்க." எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரும் ரேடியேட்டரும் தெருவின் மேல்கோடியில் மாமா வீட்டுக்குப் போயின. இரண்டு பேரும் இப்போது ஊரார் லாரியை ஓட்டுகிறார்கள்.

போன ஆயுத பூசைக்கு ஒரே லாரிக்கு இரண்டு பூசை. மேல்கோடியில் பாடிக்கு மாலை, கீழே எங்கள் கொட்டகையில் எஞ்சினுக்குச் சந்தனம்.

"ஸ்டெப்னி யாருக்குக்கா?" என்றாள் நஃபீசா. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் முறைத்தார்.

ஜூன் 12

இட்லித் தட்டைக் காணோம் என்று தேடினால், குழிக்கு ஒரு நட்டும் போல்ட்டுமாக எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. எந்தக் குழியில் எது என்று மாறிவிடக் கூடாதாம், தொடாதே என்கிறார். காலையில் உப்புமா.

ஜூன் 14

உப்புமா.

ஜூன் 19

எஞ்சினுக்குள் சுழலும் க்ராங்க் தண்டை இவரும் ஓர் ஆளுமாகத் தூக்கினார்கள். நடுப் பேரிங் கருகிக் கிடந்தது. பேரிங் இரண்டு பாதியாக வரும். ஒரு பாதியில் ஆயில் வருவதற்குத் துளை இருக்கும், மற்றதில் இருக்காது. துளை உள்ளது மேலே இருக்க வேண்டும். இதில் துளையில்லாதது மேலே இருந்தது. வண்டி நிற்பதற்கு முந்தின நாள்தான் எங்கேயோ ஒரு பட்டறையில் பேரிங் போட்டார்கள். அந்தப் பட்டறைக்காரன் மேல் கீழாக வைத்துவிட்டான். குடம் குடமாக ஆயில் ஊற்றியிருந்தாலும் அந்த இடத்துக்குப் போயிருக்காது.

ஆக, தப்பு மாமா மேலும் இல்லை, இவர் மேலும் இல்லை. கருகின பேரிங்கைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, இவர் அலமாரியில் வைத்தார். பாவமாக இருந்தது.

ஜூன் 20

"போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது? சண்டைக்குக் காரணமே இல்லைன்னா, ஒரு வருசம் எதுக்குப் பேசாம இருந்தோம்னு கேப்பாங்கல்ல?" என்றார்.

காரணம் இருந்த வரைக்கும் யாராவது ஒருவர் மன்னித்துத் தொலைக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் அடைபட்டது.

ஜூன் 21

தண்ணீர்க் குழாயில் ராசம்மாள் அக்காவைப் பார்த்தேன். மாமா சம்சாரம். ஆம்பிளைகள் பேசாவிட்டால் எங்களுக்கென்ன, நாங்கள் தினமும் பேசுகிறோம். பேரிங் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அக்காவின் சத்தியம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன்.

ஜூலை 3

இன்று நானும் மெக்கானிக். வால்வுக்கு அடியில் தேய்ப்புப் பசை தடவி, அதில் ஒட்டின குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித் தேய்க்க வேண்டும். மோர் கடைகிற கைக்கு இது ஒரு வேலையா? அவர் தேய்த்த வால்வில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், ஒழுகியது. நான் தேய்த்ததில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மீதி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 17, ஆடி ஒன்று

அக்கா கோயிலில் வைத்துச் சொன்னது: "ஆயுத பூசைக்குள்ள வண்டிக்கு ஒரு வழி பொறக்கலீன்னா, பாடிய வெட்டி இரும்புக்குப் போட்டுருவேங்கறாரு."

எஞ்சினைக் கிணற்றுக்கு மாட்டப் போகிறேன் என்று இவர் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். பொய். அந்த வண்டிக்குத்தான் செய்கிறார். பிஸ்டன் போடும்போது, "இனி மேட்டுல மூணாவது கியர்லயே இழுக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எந்தக் கிணற்றுக்கு மூன்றாவது கியர் இருக்கிறது? பாடி போய்விட்டால் இந்த மனுசன் ஒடிந்துபோவார்.

எஞ்சினைக் கிளப்பச் செல்ஃப் மோட்டார் வேண்டும். இவர் கேட்க மாட்டார். மாமா கொடுக்க மாட்டார். அக்காவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம்.

ஜூலை 28, வியாழன்

மாமா பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஏற்றப் போய்விட்டார். அரை நாள் லீவு போட்டேன். பட்டப்பகலில், லாரி கேபினிலிருந்து செல்ஃபைத் திருடினோம். துணிக்கூடையில் வைத்து மேலே அழுக்குச் சேலையைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வந்தோம். "இத்தனை துணியா?" என்றார் எதிர்வீட்டுப் பொன்னாத்தாள். "விருந்தாளுங்க வந்துட்டாங்க" என்றார் அக்கா. எங்கே கற்றாரோ.

இவரிடம், உக்கடத்தில் மைதீன் பிச்சை அண்ணனின் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மோட்டார் என் தொழில், எனக்குத் தெரியும். உரசித் தேய்கிற கார்பன் கட்டை புதிது. உள்ளே துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. ஒரு வருடம் சும்மா கிடந்த சாமானா இது?

ஆகஸ்ட் 11, வியாழன்

ரேடியேட்டர். போர்வையில் சுற்றி மடக்குக் கட்டில் என்று சொல்லித் தூக்கி வந்தோம். மடக்குக் கட்டிலிலிருந்து தெரு நெடுகத் தண்ணீர் சொட்டியது.

போல்ட் கழற்ற நாள் முழுக்க ஆகும் என்று பயந்தேன். விரலால் சுற்றினாலே வந்தது. எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் ஈரம். ஸ்பேனர்கூடப் பம்பர் மேலேயே இருந்தது, சரியான அளவில். அக்காவிடம் சொன்னேன். "நம்ம நல்ல நேரம் அம்மணி" என்றார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

ஓடியது.

எஞ்சினை வாசலுக்குக் கொண்டுவந்து மரக்கட்டைகள் மேல் முடுக்கினோம். டீசல் கேனை ஜன்னலில் தொங்கவிட்டோம். ரேடியேட்டருக்கு ஓஸ் பைப் கிடைக்கவில்லை, கிணற்று ஓஸை வெட்டி மாட்டினார். முதல் தரம் சுற்றிவிட்டு நின்றது. அடுத்த தரம் தும்மியது. அதற்கடுத்து ஒரு கரும்புகை, ஒரு சத்தம். பொன்னாத்தாள் வீட்டுக் கோழியெல்லாம் கூரைமேல். சைலன்சர் பாடியோடு இருக்கிறது, அதனால் தெருவே அதிர்ந்தது.

இவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. பிறகு மேல்கோடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 29

அக்கா சொன்னது: சத்தம் வந்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கை அப்படியே நின்றதாம். பிறகு, "இன்னங் கொஞ்சம் சோறு வையி" என்றாராம்.

செப்டம்பர் 4

சைலன்சர் தலைச்சுமையாக வந்தது, மறைக்காமல், அக்கா தலையில். கூடவே சேதி: "தெருவுல காது குடுக்க முடியலீங்களாமா. ஓட்டறதுன்னா இத மாட்டிட்டு ஓட்டுங்கன்னு சொல்லச் சொன்னாரு."

இன்னும் அந்த 'ங்க' போகவில்லை. ஆனாலும் சேதி வந்ததே. இவர் வாங்கி அப்போதே மாட்டினார்.

செப்டம்பர் 25

இப்போது புதுச் சண்டை. எஞ்சின் அங்கே போவதா, பாடி இங்கே வருவதா? "வேணுங்கறவங்க வரட்டும்" என்கிறார் இவர். மேலேயும் அதே வார்த்தையாம், எழுத்து மாறாமல். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அக்டோபர் 2

இரும்புக்கடைக்காரன் வந்து பாடியை அளந்துவிட்டுப் போனான். நான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். ஏனுங்க, உங்களுக்கு வண்டி பெருசா வீம்பு பெருசா? இட்லித் தட்டு போச்சு, கட்டில் போச்சு, நாலு மாசமா டீசல் நாத்தத்துல சோறு திங்கறேன், எல்லாம் எதுக்கு? பாதி லாரிய வெச்சுக் கும்புடறதுக்கா? அழுகையும் வந்துவிட்டது. அவர் வாசலுக்குப் போய் எஞ்சினைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

அக்டோபர் 9, ஞாயிறு

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சத்தமே இல்லாமல் ஒரு லாரி வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தெரு மேல்கோடியிலிருந்து சரிவு. தள்ளிவிட்டால் எங்கள் வாசல் வரைக்கும் உருண்டே வரும். ஸ்டியரிங்கில் மாமா, ஹேண்ட் பிரேக்கை இழுப்பதும் விடுவதுமாக. பக்கத்தில் அக்கா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அம்மிக் குழவியை ஏந்திக்கொண்டு. உருளுகிற கல்லால் எப்படி முட்டுக் கொடுப்பது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எஞ்சின் இல்லாத வண்டி திரும்ப மேடேறாது. எனக்கே தெரிகிறது, இத்தனை வருடம் லாரி ஓட்டினவருக்குத் தெரியாதா?

இவர் பல் துலக்கியபடி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார். வண்டி எங்கள் வாசலைத் தாண்டப் பார்த்தது.

"டேய், கல்லப் போடுடா" என்று கத்தினார் மாமா.

இவர் பிரஷ்ஷோடு ஓடி, வாசலில் கிடந்த கட்டிலின் காலடிக் கல்லை உருவிச் சக்கரத்தடியில் போட்டார். வண்டி நின்றது. கட்டில் சாய்ந்தது. ஒரு வருடத்துக்கு அப்புறம் அந்த 'டா' திரும்பி வந்திருந்தது.

மாமா இறங்கி முதலில் என்னிடம்தான் வந்தார். "ஏம்மணி, ஓஸ் பைப்பும் கிளிப்பும் பையில போட்டு டயர் மேல வெச்சிருந்தனே. அத ஏன் எடுக்காம உட்டுட்டுப் போனீங்க?"

அக்கா குழவியைக் கீழே போட்டார். கார்பன், மண்ணெண்ணெய், ஸ்பேனர் எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவரிடம் திரும்பி, "இல்லீங்க, அது மைதீன் பிச்சை அண்ணன் கடையில..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கடை சித்திரையிலயே மூடியாச்சு செவ்வந்தி" என்றார், வாயில் நுரையோடு.

இந்தத் திருட்டில் விஷயம் தெரியாமல் இருந்தது திருடிகள் இரண்டு பேர் மட்டும்தான்.

அக்டோபர் 13, ஆயுத பூசை

எஞ்சின் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டது, இட்லித் தட்டு அடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு லாரி, ஒரு மாலை, ஒரு பூசணிக்காய். முதலில் யார் ஓட்டுவது என்று காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் சண்டை, டா போட்டு, தெருவுக்கே கேட்க. நானும் அக்காவும் பொரி தின்றுகொண்டே கேட்டோம்.

வீட்டுக்குள் எஞ்சின் இருந்த இடத்தில் சிமெண்ட் தரையில் ஆயில் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேலே பாயைப் போட்டு மூடினேன். மத்தியானம் மாமா உள்ளே வந்து அந்தப் பாயில்தான் உட்கார்ந்தார். இலை போட்டேன். இட்லிதான் கேட்டார்.